நாலு கம்பி, நாற்பதாயிரம் ரூபாய்

போன ஐப்பசியில் எனக்குச் சீட்டு விழுந்தது. தள்ளு (ஏலக் கழிவு) போகக் கைக்கு வந்தது 40,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே வரிசை நின்றது: அடுக்களைக் கூரையில் ஒழுகும் ஓடுகள், மகளின் கண்ணாடி, கடைசியாக என் பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடிச்சத்தம் தரும் நாலு கம்பிக் கிட்டார். ஓட்டையும் கண்ணாடியையும் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) விற்ற காசில் முடித்தேன். குலசேகரம் பக்கம் அப்பாவுக்கு முப்பது சென்ட் ரப்பர் உண்டு. மழை பிடித்துவிட்டால் பால் வெட்டு நின்றுபோகும், ஆனால் சாக்கில் சேர்த்துவைத்த ஒட்டுப்பால் இந்த மாதிரி நேரத்தில் கைகொடுக்கும். அப்புறம், சீட்டுப் பணம் முழுசும் கிட்டாருக்கு என்று மனைவியிடம் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்க வாசிக்கது யாருக்காவது கேக்குதா?"

நியாயமான கேள்விதான். பேஸ் வாசிக்கிறவனுக்கு இது புதுசும் இல்லை. எங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், ஒரு பெரியவர், "கிட்டார்தான் ஒண்ணு இருக்கே, இந்த நீளமான ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். விரல் வைக்காமல் தட்டினால், இருப்பதிலேயே தடித்த ஈ (E) கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. செல்போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. கோயில் சுவரில் மாட்டியிருக்கும் காலம் (column) ஸ்பீக்கர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அடிச்சத்தத்தை விட்டுவிட்டு அதன் மேலே எழும் மெல்லிய சத்தங்களை மட்டும் தருகின்றன, காது மீதியைத் தானாக நிரப்பிக்கொள்கிறது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடுவில் என் ஆம்ப் மட்டும் அணைந்தபோது, அதே பெரியவர் பாடுவதை நிறுத்திவிட்டு மேலே ஃபேனைப் பார்த்தார். என்னவோ நின்றுபோனது அவருக்குத் தெரிந்தது. எது என்றுதான் தெரியவில்லை.

பழைய கிட்டார் எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் புதுசு தேடிய விதமே அதனால் மாறியது. 2011இல் 9,500 ரூபாய்க்கு வாங்கியது. குளச்சல் முதல் மணக்குடி வரை கடலோரத் திருவிழா மேடைகளில் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். உப்புக்காற்று முதலில், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜைத் தின்றது. கம்பியின் உயரத்தை ஏற்றி இறக்கும் திருகாணிகள், அரிசி அளவுகூட இருக்காது, துருவேறி அப்படியே பிடித்துக்கொண்டன. அதையும் சமாளித்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கிட்டார் கோயில் அலமாரிக்குள் மாட்டிக்கொண்டது. கம்பியைத் தளர்த்தாமல் வைத்திருந்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. செப்டம்பரில் கோயில் திறந்து எடுத்துப் பார்த்தபோது, விரல் வைத்து அமுக்கும் நீளமான மரக் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது, வெயிலில் காய்ந்த தென்னமட்டை மாதிரி. நாலு கம்பியும் சேர்ந்து அந்தக் கழுத்தை எழுபது கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் அதில் தொங்குகிற கணக்கு. அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் இரவல் கிட்டாரில் ஓட்டினேன்.

கையில் காசு வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கீபோர்டு வாசிக்கும் நண்பன், "பழசுன்னாலும் பேரு உள்ளத வாங்கு மக்கா, புதுசுல வெலகொறஞ்சது வாங்கினா ரெண்டு வருஷத்துல திரும்பவும் சீட்டு போடணும்" என்றான். இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இதையே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நல்ல கம்பெனிக் கிட்டார் ஒரு கை மாறும்போதே விலையில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ இறங்கிவிடும், அதற்கப்புறம் பெரிதாக இறங்காது. ஐந்து வருஷம் வாசித்துவிட்டு வாங்கின விலைக்கே விற்றவர்களை எனக்குத் தெரியும். புதுசாக வாங்கும் மலிவு கிட்டாரைக் கடையை விட்டு இறக்கின நிமிஷமே அந்த விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் இதைச் சொல்கிறவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்து சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அவர்கள் தெருமுனையில் கிட்டார் சரிசெய்கிறவர் இருக்கிறார். எனக்குத் தெரிந்து நம்பிக் கொடுக்கக்கூடிய கை திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாகர்கோவில் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலுக்குக் காத்து நிற்க வேண்டும், கிட்டாரை யார் காலும் படாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு நாள் லீவு போட வேண்டும்.

முதலில் புதுசைப் பார்க்கப் போனேன். கடைக்காரர் ஐந்தாறு கிட்டார்களை இறக்கிவைத்தார். ஒன்று பிடித்தது. வெளிநாட்டுக் கம்பெனி, இந்தோனேசியாவில் செய்தது, 23,500 ரூபாய். பெயர் வேண்டாம், அதன் குறைகளையும் சொல்லப்போகிறேன். உள்ளங்கையைக் கழுத்தின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டினால் ஃபிரெட்டுகளின், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின், முனை முள் முள்ளாகக் குத்தியது. நட் உயரமாக வெட்டப்பட்டிருந்தது. நட் என்றால் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னப் பாலம். அது உயரமாக இருந்தால் முதல் ஃபிரெட்டில் அமுக்கும்போது கம்பி கூடுதலாக இழுபட்டு சுருதி ஏறும். புதிதாகப் படிக்கிற பையன்கள் பாதிப்பேர் தங்கள் காது சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவது இதனால்தான் என்பது என் சந்தேகம். வால்யூம் குமிழ் லேசாக ஆடியது. பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்புக்கு அனுப்பும் பகுதி; அதன் சத்தம் கொஞ்சம் தட்டை, தகரப் பாத்திரத்தில் தட்டினாற்போல இல்லை, ஆனால் ஆழமும் இல்லை.

கழுத்து மட்டும் நேராக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகை பார்ப்பதுபோலத் தலையிலிருந்து உடல் பக்கமாகப் பார்த்தேன். சுத்தமாக நேர். முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த விலையில் இப்படியொரு கழுத்து கிடைத்திருக்காது. இப்போது மரத்தைக் கணினி பார்த்து வெட்டுகிறது. மலிவான கிட்டாரும் விலைகூடிய கிட்டாரும் வெட்டில் நெருங்கிவிட்டன. காசு வித்தியாசமெல்லாம் மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும், எவ்வளவு நாள் காயவைத்தார்கள் என்பதிலும், பிக்கப்பிலும், கடைசியில் ஒரு மனிதக் கை எத்தனை நிமிஷம் தேய்த்தது என்பதிலும்தான்.

வாங்காமல் திரும்பினேன். ஏனென்றால் அதற்குள் குழித்துறையில் ஒரு பழைய கிட்டார் இருப்பதாகத் தகவல் வந்திருந்தது.

அதைப் பற்றி நிறைய சொல்லத் தோன்றுகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல மழை. அந்த அண்ணன் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர், வாவுபலிப் பொருட்காட்சி மேடையில் விடிய விடிய வாசித்த கதையெல்லாம் சொன்னார். மகன் வளைகுடாவில் இருக்கிறான், இனி வாசிக்க ஆளில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துத் திறந்தார். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பேஸ் வாசிக்கிற யாருக்கும் தெரிந்த பெரிய கம்பெனி. 2000களில் செய்தது. இரண்டு பிக்கப். மேல் பிக்கப்பின் ஓரத்தில், கட்டைவிரல் ஊன்றி ஊன்றி, பிளாஸ்டிக் பழைய வெள்ளிக்காசு மாதிரி மழுங்கிப் பளபளத்தது. தலையின் நுனியில் ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே மரம் தெரிந்தது.

"நீ வாசிச்சு நோக்கு தம்பி," என்றார். 45,000 கேட்டார். நான் ஆம்பைக் கேட்கவில்லை, முதலில் ஆம்ப் இல்லாமல்தான் வாசிப்பேன். கிட்டாரின் மேல் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு ஈ கம்பியைத் தட்டினால் பல் வரை அதிர வேண்டும். அதிர்ந்தது. கைக்குப் பின்னால் கழுத்து வழுவழுவென்று ஓடியது. பல வருஷம் பல கைகள் தேய்த்த மரம் அது. புதுசில் அந்த வழுவழுப்பைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். குமிழ்களைத் திருப்பினால் கரகரவென்றது, அது தூசி, சுத்தம் செய்தால் போய்விடும். இரண்டு பிக்கப்பும் முழுசாகத் திறந்திருந்தால் இரைச்சல் இல்லை, ஒன்றைக் குறைத்தால் டியூப்லைட் இரைச்சல் வந்தது. அந்த வகை பிக்கப்பின் இயல்பே அது, குறையில்லை. இருப்பதிலேயே மெல்லிய ஜி (G) கம்பியில் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து ஏழாவது வரை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு மனசுக்குள் எண்ணினேன். பல நல்ல கிட்டார்களில் அந்த இடத்தில் ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துவிடும். இதில் பரவாயில்லை. ஃபிரெட்டுகள் முதல் நான்கு இடத்தில் பள்ளம் விழுந்திருந்தன. இன்னும் ஐந்து வருஷம் தாங்கும்.

கடைசியாகக் கழுத்து. இடது கையால் ஈ கம்பியை முதல் ஃபிரெட்டில் அமுக்கிக்கொண்டு, வலது கையால் கடைசி ஃபிரெட்டில் அமுக்கினால், கம்பியே அளவுகோல் ஆகிவிடும். ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருந்தால் சரி. இரண்டு கையும் கம்பியில் இருந்ததால் அண்ணனைத்தான் கார்டை நுழைக்கச் சொன்னேன். ஒன்று நுழைந்தது. இரண்டு நுழைந்தது. நாலு கார்டு அடுக்கி வைத்தும் லேசாக ஆடியது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது.

அதைச் சரிசெய்யத்தான் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இருக்கிறது. ஆலன் கீ போட்டு இறுக்கினால் கம்பிகளின் இழுப்புக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்தும். அவரிடம் கேட்டுவிட்டுக் கீயைப் போட்டேன். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. யாரோ ஏற்கெனவே முழுசாக இறுக்கிவிட்டார்கள், அதற்கு மேலும் வளைந்திருக்கிறது. இந்த இடத்தில் பலம் காட்டினால் ராட் உள்ளேயே அறுந்துவிடும். கீயை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"எட்டு வருஷம் பரண்ல கெடந்துது," என்றார். "கம்பி கழத்தாம வச்சிட்டேன்." என் கோயில் அலமாரி நினைவுக்கு வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சரிசெய்ய வழி இருக்கிறது. கழற்றி, சூடுகாட்டி, அழுத்தி நிமிர்த்திப் பார்க்கலாம், நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். அல்லது நாலு திருகைக் கழற்றிவிட்டுப் புதுக் கழுத்தையே மாட்டலாம். தன் எலெக்ட்ரிக் பேஸை 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கழுத்தைத் திருகாணி போட்டு மாட்டியதே இப்படிச் சுலபமாகச் செய்யவும் மாற்றவும்தான். 34 அங்குலக் கம்பி நீளமும் அன்றைக்கு வைத்ததுதான், இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுவே அளவு. ஆனால் நல்ல கழுத்து ஒன்றின் விலையில் கடையில் பார்த்த அந்தப் புதுக் கிட்டாரையே வாங்கிவிடலாம். அண்ணன் 38,000க்கு இறங்கினார். கட்டன் சாயா கொடுத்தார். நான் மழை விடும்வரை அந்தக் கிட்டாரையே வாசித்துக்கொண்டிருந்தேன், வாங்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்தும்.

பஸ்ஸில் திரும்பும்போது எரிச்சலாக இருந்தது. பேரைப் பார்த்து மயங்கினதற்கு இல்லை, கையில் பிடித்ததும் மயங்கினதற்கு. இதே கிட்டாரை யாராவது போட்டோ அனுப்பி விற்றிருந்தால் நான் அன்று இரவே பணம் போட்டிருப்பேன். போட்டோவில் வளைவு தெரியாது. பழசு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிக்கப், குமிழ், பிரிட்ஜ், டியூனிங் கீ எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவது கழுத்தை மட்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் மடியில் வைத்துப் பார்க்க விடாத கிட்டாரை எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் நம் ஊர்க்காரர் வாங்க வேண்டாம். குளிர்ந்த நாட்டிலிருந்து வந்த மரமானாலும் சரி, பரணில் கிடந்த மரமானாலும் சரி, இங்கே இரண்டு மழைக்காலம் தாண்டியாக வேண்டும்.

மறுவாரம் புதுசையே வாங்கினேன். மனசு நிறைந்து வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் அதைத் தொடவே பிடிக்கவில்லை, குழித்துறைக் கழுத்து கையிலேயே இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை மேசையில் பழைய போர்வையை விரித்து அதைக் கிடத்தினேன். ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தின் மேல் டேப் ஒட்டி, நகம் தேய்க்கிற அளவு சின்ன அரம் வைத்து ஒவ்வொரு முனையாக மழுக்கினேன். இருபத்து நான்கு ஃபிரெட், இரண்டு பக்கம், நாற்பத்தெட்டு முனை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்து, "இது குத்துது, இது குத்தல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நட்டில் மட்டும் நான் கைவைக்கவில்லை. அதில் ஒரு இழுப்பு கூடினால் பள்ளம் ஆழமாகிக் கம்பி ஃபிரெட்டில் இரையும், அப்புறம் புது நட்தான். அதற்குத் திருவனந்தபுரம் போய் 1,500 கொடுத்தேன். நல்ல கம்பி செட் 2,200. தடித்த உறை 2,800. எல்லாம் சேர்த்து 30,000. மீதிப் பத்தாயிரத்தை வீட்டில் கொடுத்தபோது மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல அறிகுறி.

கம்பி பற்றி ஒன்று சொல்லணும். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் இசைக் கம்பெனியின் ஸ்டுடியோவில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தன் 1962 பேஸின் கம்பிகளை அறுந்தாலொழிய மாற்ற மாட்டாராம். ஒரே ஒரு சுட்டுவிரலால்தான் தட்டுவார். உலகம் கேட்ட எத்தனையோ பேஸ் வரிகள் அந்த அழுக்குக் கம்பியில் பிறந்தவை. ஆனால் அவர் முட்டத்திலோ பெரியதாழையிலோ வாசிக்கவில்லை. கடலோரத்தில் ஒரு இரவு வாசித்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் ஒரு வாரத்தில் கம்பியில் சிவப்பு ஏறிவிடும். நான் இப்போது உறைக்குள் பழைய பனியன் துணி ஒன்றும், மருந்துப் பாட்டில்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் சிலதும் போட்டுவைக்கிறேன். பிரிட்ஜின் சின்னத் திருகாணிகளுக்கு மாசத்துக்கு ஒருதடவை தையல் மெஷின் எண்ணெய், ஈர்க்குச்சி முனையில் ஒரு சொட்டு.

புதுக் கிட்டார் கோயிலில் எப்படிக் கேட்கிறது என்றால், நன்றாகவே கேட்கிறது. காலம் ஸ்பீக்கரில் போனால் விலைகூடின பிக்கப்பும் இதுவும் ஒன்றுபோலத்தான். இரவு வீட்டில் ஹெட்போனில் வாசிக்கும்போதுதான் அந்தத் தட்டைச் சத்தம் தெரிகிறது. பிக்கப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த சீட்டு ஆவணியில்.

ஜனவரியில் ஒரு கடலோர ஊர்த் திருவிழாவுக்கு எங்கள் குழு போயிருந்தது. எங்களுக்கு முன்னால் வேறொரு குழு வாசித்துக்கொண்டிருந்தது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவிலும் அந்த பேஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவைத்தது. உருண்டையான சத்தம், மணலில் நிற்கும்போது காலில் ஏறும் சத்தம். இருபது வயசுப் பையன் வாசித்தான். அவன் இறங்கி வந்ததும் கிட்டாரைப் பார்த்தேன். தலையில் சில்லு பெயர்ந்த இடம். பிக்கப்பில் கட்டைவிரல் தேய்ந்த பளபளப்பு.

"குழித்துறையிலயா வாங்கின?"

"ஆமாண்ணே. முப்பதுக்குத் தந்தாரு."

"கழுத்து வளைஞ்சிருக்குமே தம்பி, மேல எப்படி வாசிக்க?"

அவன் சிரித்தான். "அஞ்சாவது ஃபிரெட்டுக்கு மேல நான் போறதே இல்லண்ணே."

எங்கள் முறை வருவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கொஞ்சம் தாயேன் என்று கேட்டேன், தந்தான். மேடைக்குப் பின்னால் ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஐந்தாவது ஃபிரெட்டைத் தாண்டாமல், கூப்பிடும்வரை வாசித்துக்கொண்டிருந்தேன்.